அவகாசம்தான் முதல் மூலதனம்: லண்டன் ஐவி ஹவுஸ் பப் மீட்கப்பட்ட விதம்

தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட் பகுதியில், ஸ்டூவர்ட் ரோட்டில் இருக்கிறது ஐவி ஹவுஸ் பப். 2012 ஏப்ரலில் அதை நடத்தி வந்தவர்களுக்கு, ஒரு வாரத்துக்குள் காலி செய்யும்படி உரிமையாளர் நிறுவனத்திடமிருந்து தகவல் வந்தது. கட்டடத்தை ஒரு டெவலப்பருக்குக் கொடுத்து வீடுகளாக மாற்றுவது என்பது பின்னணித் திட்டம். ஏறக்குறைய பதினோரு மாதம் கழித்து, 2013 மார்ச்சில், அதே கட்டடத்தை ஊர்க்காரர்கள் 8 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ஆகஸ்டில் கதவு மறுபடி திறந்தது. 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலில் ஏறிய முதல் பப் அதுதான். உள்ளூர் மக்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 2011-ம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தி மக்கள் வாங்கிய முதல் கட்டடமும் அதுவே.

பணம் திரட்டி ஜெயித்த கதையாகத்தான் இதைப் பலரும் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் எட்டு லட்சம் பவுண்டு திரட்ட எந்தத் தெருவாலும் முடியாது. நன்ஹெட்காரர்கள் முதலில் தேடியது நாட்களை. ஒரு சட்டம் அவர்களுக்குச் சில மாதங்களை வாங்கிக் கொடுத்தது, இன்னொன்று ஆறு மாதத்தை. அந்த மாதங்களுக்குள்தான் கடனும் மானியமும் பங்கும் வந்து சேர்ந்தன. இந்த வரிசை மாறினால் மீட்பு தோற்கும். கைமாறாமல் தடுக்கும் எந்தச் சட்டப் பூட்டை எப்போது போட வேண்டும், எந்தப் பூட்டில் எந்த ஓட்டை இருக்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

எதைக் காப்பாற்றினார்கள்

சென்னை நட்சத்திர ஹோட்டலின் இரவுக் கூடத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. இங்கிலாந்தின் குடியிருப்புப் பப் என்பது மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வரும் இடம். பாடகர் குழு பயிற்சி எடுக்கும், முதியவர்கள் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், துக்க வீட்டிலிருந்து திரும்பும் கூட்டம் வந்து அமரும்.

ஐவி ஹவுஸ் 1930-களில் ட்ரூமன் மதுவடிசாலை கட்டியது. கட்டடக் கலைஞர் ஏ. இ. சூவெல், அந்த நிறுவனத்துக்காகப் பல பப்களை வடிவமைத்தவர். அந்தக் காலத்தில் மதுவடிசாலைகள், குடித்துவிட்டுக் கிளம்பும் சாராயக்கடை என்ற கெட்ட பெயரைப் போக்க, பெரிய அறைகளும் உணவும் இசையும் கொண்ட 'மேம்பட்ட' பப்களைக் கட்டின. ஐவி ஹவுஸின் மரப்பலகை வேய்ந்த சுவர்களும், பின்பக்கம் மேடையோடு கூடிய கச்சேரிக் கூடமும் அந்த இயக்கத்தின் மிச்சம். நியூலேண்ட்ஸ் டாவர்ன் என்ற பெயரில் இருந்த 1970-களில் டாக்டர் ஃபீல்குட், இயன் டியூரி, எல்விஸ் காஸ்டெல்லோ, ஜோ ஸ்ட்ரம்மர் போன்ற ராக் இசைக்காரர்கள் எல்லாம் அந்த மேடையில் வாசித்தார்கள்.

இந்த விவரங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரப்பலகையும் மேடையும் பிடுங்கப்படாமல் அப்படியே இருந்ததுதான் முதல் பூட்டுக்குச் சாவி. 1980-களில் யாராவது உள்ளே புதுப்பித்து, நடுச்சுவர்களை உடைத்து ஒரே ஹாலாக ஆக்கியிருந்தால், 2012-ல் காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரு வாரத்தில் எப்படி வெளியேற்ற முடிகிறது

இங்கிலாந்தில் கடை, அலுவலகம், பப் போன்ற வணிகக் குத்தகைதாரருக்கு 1954-ம் ஆண்டின் நில உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டம் பாதுகாப்பு தருகிறது. குத்தகைக் காலம் முடிந்தாலும் அது தானாக முடிந்துவிடாது. உரிமையாளர் 25-ம் பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் குறிப்பிடும் முடிவு நாள் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம் தள்ளி இருக்க வேண்டும். புதுக் குத்தகை தர மறுத்தால் 30-ம் பிரிவிலுள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டி, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பப்களுக்கு இந்தப் பாதுகாப்பு முதலில் கிடையாது. 1990-ல் வந்த தனிச் சட்டம்தான் அவற்றையும் உள்ளே சேர்த்தது.

அப்படியிருந்தும் பப் நடத்துகிறவர்கள் சில நாளில் தெருவுக்கு வருவதற்கு இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. முதல் வழி, கையெழுத்துப் போடும்போதே பாதுகாப்பைக் கைவிடுவது. உரிமையாளர் 14 நாள் முன்னதாக எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்து, குத்தகைதாரர் 'தெரிந்தே விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால், 1954 சட்டத்தின் 24 முதல் 28 வரையான பிரிவுகள் அந்தக் குத்தகைக்குப் பொருந்தாது. பப் நிறுவனங்களின் குறுகிய காலக் குத்தகைகளில் இது சர்வசாதாரணம். இரண்டாவது வழி, இரு தரப்பும் விரும்பும் வரை மட்டும் ஓடும் தற்காலிக ஏற்பாடு. 'நிரந்தர ஆள் கிடைக்கும் வரை நீங்கள் நடத்துங்கள்' என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார்கள். அதற்கு 1954 சட்டமும் கிடையாது, நோட்டீஸ் காலமும் கிடையாது. பல ஆண்டு இப்படியே ஓடிய பப்கள் உண்டு. ஊர்க்காரர்கள் அதை உறுதியான குத்தகை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஆபத்து என்று காதில் விழுந்த அன்றே செய்ய வேண்டிய வேலை, குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கையில் வாங்குவது. தேட வேண்டியவை நான்கு: 24 முதல் 28 வரையான பிரிவுகளை விலக்கும் வரி, இடையில் முறித்துக்கொள்ளும் பிரிவு, யாரிடம் பீர் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது. கடைசியானதை அலட்சியமாக விடுபவர்கள் அதிகம். முழுப் பழுதும் குத்தகைதாரர் தலையில் என்று எழுதியிருந்தால், வெளியேறும் நாளில் கூரைக்கும் சாக்கடைக்கும் சேர்த்து ஒரு பில் வரும். அந்த பில்லைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லியே சத்தமில்லாமல் சாவியை வாங்கிவிடுவார்கள்.

1954 பாதுகாப்பு இருக்கிறது என்றால் நிலைமை வேறு. நோட்டீஸில் உள்ள முடிவு நாளுக்குள் குத்தகைதாரர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உரிமை போயிற்று. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளைத் தள்ளலாம், ஆனால் அந்த ஒப்பந்தமும் நாள் முடிவதற்கு முன்பே இருக்க வேண்டும். 'இடித்துக் கட்டப் போகிறோம்' என்பது உரிமையாளர் அதிகம் காட்டும் காரணம். குத்தகைதாரரை வெளியேற்றுவதற்காக மட்டும் ஒரு வேலைத் திட்டம் போட்டால் அது செல்லாது என்று 2018-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குத்தகைதாரர் தானாகவே போய்விட்டாலும் அந்த வேலை நடக்குமா என்பதுதான் கேள்வி. 'நானே நடத்தப் போகிறேன்' என்று சொல்பவர், கட்டடத்தை வாங்கி ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். புதிதாக வாங்கிய டெவலப்பருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

முதல் பூட்டு: பாரம்பரியப் பட்டியல்

2012 ஏப்ரலில் நன்ஹெட்காரர்கள் போன இடம், பாரம்பரியக் கட்டடங்களைக் கவனித்த அரசு அமைப்பான இங்கிலிஷ் ஹெரிட்டேஜ். பட்டியலிடும் பணியை இன்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து செய்கிறது. அவசர விண்ணப்பம் போட்டு, ஐவி ஹவுஸை 'கிரேடு II' பாரம்பரியக் கட்டடமாகச் சில நாட்களிலேயே பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். சாதாரணமாக மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது.

பட்டியலிடுவோர் பார்ப்பது கட்டடக் கலையையும் வரலாற்றையும் மட்டும்தான். 'எங்கள் தெருவுக்கு இது உயிர்' என்று நூறு பேர் கடிதம் எழுதினாலும் அங்கே எடுபடாது. எடுபடுவது இவைதான்: கட்டிய ஆண்டு, கட்டடக் கலைஞர், மதுவடிசாலையின் பெயர், மூல வரைபடம் கிடைத்தால் அதன் நகல், ஒவ்வொரு அறையிலும் மூலத்தில் இருந்தவற்றின் படங்கள். பார் கவுண்டர், அதன் பின்னுள்ள அலமாரி, கணப்பு, கதவுக் கண்ணாடி, ஓடு, பலகை, மேடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, எது மூலம், எது பின்னால் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். உட்புறம் கலையாமல் இருக்கும் இரு உலகப் போர்களுக்கு இடைக்காலப் பப்கள் இன்று மிகக் குறைவு. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து 2015-ல் அந்தக் காலத்துப் பப்களை ஆராய்ந்து 21 பப்களைப் பட்டியலிட்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஐவி ஹவுஸ் பட்டியலில் இருந்தது.

இந்தப் பூட்டு என்ன செய்கிறது? கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் தனி அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் இடித்தாலோ பிடுங்கினாலோ அது கிரிமினல் குற்றம். என்ன செய்யாது என்பதும் அதே அளவு முக்கியம். பப்பாகவே இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தாது. அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே வீடு கட்டலாம். ஆனால் டெவலப்பரின் கணக்கு குலைந்துவிடும். எத்தனை வீடு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத கட்டடத்துக்கு அவர் தரத் தயாராக இருந்த விலை இறங்குகிறது. விலை இறங்கினால்தான் ஊர்க்காரர்கள் பேரத்துக்கே வர முடியும்.

பட்டியலிடும் முடிவு வருவதற்கு முன்னுள்ள சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. மேற்கு லண்டனில் மைடா வேல் பகுதியின் கார்ல்டன் டாவர்னுக்கு நடந்தது அதற்குச் சாட்சி. வீடு கட்டும் திட்டத்தை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மறுத்திருந்தது. பட்டியலில் ஏற இருந்த நிலையில், 2015 ஏப்ரல் 8 அன்று புல்டோசர் வந்து இடித்துவிட்டது. அந்தக் கட்டடத்தை முன்கூட்டியே படமெடுத்து, ஓடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான், இடித்ததை இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்ற கவுன்சிலின் உத்தரவு 2016-ல் பொது விசாரணையைத் தாண்டி நின்றது. கட்டி முடித்து 2021 ஏப்ரலில் திறந்தார்கள். ஆறு ஆண்டு பறிபோனது. இந்த இடைவெளியை அடைக்க ஒரு கருவி இருக்கிறது: உள்ளூர் கவுன்சில் கட்டடப் பாதுகாப்பு நோட்டீஸ் ஒட்டினால், ஆறு மாதத்துக்கு அது பட்டியலிட்ட கட்டடம் போலவே நடத்தப்படும். பிறகு பட்டியலில் ஏறாமல் போனால் உரிமையாளருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு 2024 வரை கவுன்சிலுக்கு இருந்தது. அதனால் பல கவுன்சில்கள் தயங்கின. தயக்கத்தைப் போக்கியது அந்தப் படங்களும் வரைபடங்களும்தான்.

இரண்டாம் பூட்டு: சமூக மதிப்புள்ள சொத்து

லோக்கலிசம் சட்டம் 2011-ல் நிறைவேறினாலும், அதன் விதிமுறைகள் 2012 செப்டம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே ஐவி ஹவுஸ், நன்ஹெட் அடங்கிய சதர்க் கவுன்சிலின் பட்டியலில் ஏறியது. நன்ஹெட்டின் முன்னேற்பாட்டை இதில் பார்க்கலாம். சட்டம் உயிர்பெறும் நாளுக்கு விண்ணப்பத்தோடு காத்திருக்க அவர்களால் முடிந்ததே, ஏப்ரலில் போட்ட முதல் பூட்டு கோடைக்காலம் முழுக்கக் கட்டடத்தைத் தாங்கி நின்றதால்தான்.

ஒரு கட்டடத்தைப் பட்டியலுக்கு முன்மொழிந்து பெயர் கொடுக்க அமைப்பாகப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கவுன்சில் எல்லையிலோ பக்கத்து எல்லையிலோ வாக்காளர் பட்டியலில் இருக்கும் குறைந்தது 21 பேர் கொண்ட குழு போதும். 25 அல்லது 30 பேரைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். வீடு மாறியவர், பதிவு செய்யாதவர் என்று நாலு பேர் கழிந்தாலும் எண்ணிக்கை நிற்கும். விண்ணப்பத்தில் கட்டடத்தின் எல்லை, உரிமையாளர் மற்றும் குடியிருப்பவரின் விவரம், ஏன் இது சமூக மதிப்புள்ளது என்ற வாதம் இருக்க வேண்டும். எல்லையைச் சிவப்புக் கோட்டால் வரையும்போது மேல்மாடிக் குடியிருப்பு, பின்தோட்டம், கார் நிறுத்துமிடம் மூன்றையும் சேர்த்து வரைய வேண்டும். தோட்டத்தைத் தனியாகப் பிரித்து விற்றுவிட்டால் பல பப்கள் பிழைக்காது. கவுன்சில் எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏறிய பெயர் ஐந்து ஆண்டு இருக்கும்.

வாதத்தில் 'இங்கே மக்கள் சந்திக்கிறார்கள்' என்ற பொதுவான வரிக்கு மதிப்பில்லை. திங்கள் நடனம், செவ்வாய் பாடகர் குழு, மாதம் ஒரு முறை குடியிருப்போர் கூட்டம் என்று நாட்காட்டியாகக் கொடுக்க வேண்டும். சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது: இந்தப் பயன்பாடு சமூக நலனுக்கு உதவுகிறதா, அது தொடரும் என்று நினைப்பது யதார்த்தமா? மூடிய பப் என்றால், அண்மைக் காலம் வரை இருந்ததா, அடுத்த ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வரச் சாத்தியம் உண்டா? நடக்கக்கூடியது என்று காட்டினால் போதும், நடந்தே தீரும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

பட்டியலில் ஏறியதும் சொத்து கையில் வந்துவிடாது. உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை மட்டுமே அப்போது பிறக்கிறது. அறிவித்த நாளிலிருந்து ஆறு வாரம் இடைக்காலத் தடை. அதற்குள் ஒரு சமூக அமைப்பு 'நாங்கள் வாங்க முயல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தால் தடை ஆறு மாதமாக நீளும். நன்ஹெட்காரர்கள் அப்படித்தான் ஆறு மாதத்தைப் பெற்றார்கள்.

இங்கே விழும் குழிகள் பல, ஒவ்வொன்றிலும் யாராவது விழுந்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் என்பது ஆறு வாரத்துக்குப் பிறகு வருவதல்ல. இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன. கடைசி வாரத்தில் எழுதிக் கொடுத்தால் மிஞ்சுவது நாலரை மாதம்.

பெயர் கொடுத்த 21 பேர் குழுவால் இந்த ஆறு மாதத் தடையைக் கேட்க முடியாது. அதற்குப் பதிவு பெற்ற உருவம் வேண்டும்: அறக்கட்டளை, சமூக நல நிறுவனம், சமூக நலக் கூட்டுறவுச் சங்கம், பங்குக்குப் பதில் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நடக்கும் லாபம் பங்கிடாத நிறுவனம், அல்லது ஊர்ப்புறத்தில் கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில். ஆறு வாரத்துக்குள் பதிவை முடிக்க ஓடுவதைவிட, பெயர் கொடுக்கும் நாளிலேயே பதிவுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

தடை முடிந்ததும், அறிவிப்பு நாளிலிருந்து 18 மாதம் முடியும் வரை உரிமையாளர் யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஊர் அமைப்புக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் 2011-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. தடை தருவது அவகாசம் மட்டுமே.

குத்தகையோடு நேரடியாகத் தொடர்புள்ள குழிதான் ஆழமானது. காலியாக ஒப்படைக்கும் முழுச் சொந்தம், அல்லது 25 ஆண்டும் அதற்கு மேலும் ஓடும் குத்தகை, இவற்றின் கைமாற்றத்தை மட்டும்தான் சட்டம் தடுக்கிறது. 10 ஆண்டுக் குத்தகையை இன்னொருவருக்கு மாற்றினால் தடை இல்லை. குத்தகைதாரர் உள்ளே இருக்கும்போதே கட்டடத்தை விற்றாலும் தடை இல்லை, ஏனென்றால் அது காலிக் கட்டடம் அல்ல. ஓடும் வியாபாரத்தோடு விற்றாலும், கட்டடம் வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளையே விற்றாலும் அப்படித்தான். குத்தகையைப் புதுப்பிக்க மறுப்பதை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. 'பட்டியலில் ஏற்றிவிட்டோம், இனிக் குத்தகைக்கு ஆபத்தில்லை' என்று ஓய்ந்துவிடும் குழுக்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

திட்ட அனுமதி விதிகள் பிறகு கொஞ்சம் இறுகின. 2012-ல் ஒரு பப்பைக் கடையாகவோ அலுவலகமாகவோ மாற்றத் திட்ட அனுமதியே வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டுகள் இந்த வழியாகப் பல பப்களை விழுங்கின. 2015 ஏப்ரலில் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிட்ட பப்களுக்கும், 2017 மே மாதம் முதல் இங்கிலாந்தின் எல்லாப் பப்களுக்கும் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. இன்று இடிக்கவும் மாற்றவும் முழு விண்ணப்பம் தேவை. அதை எதிர்க்க ஊருக்கு வாய்ப்பும் உண்டு.

பணக் கணக்கு

ஐவி ஹவுஸுக்கு வந்த பணம்: கட்டடப் பாரம்பரிய நிதியத்திடமிருந்து 5 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கடன், சோஷியல் இன்வெஸ்ட்மென்ட் பிசினஸ் என்ற சமூக முதலீட்டு அமைப்பு வழியாக 4 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு மானியம், 371 பேர் வாங்கிய சமூகப் பங்குகள் வழியாக 1 லட்சத்து 42 ஆயிரத்து 600 பவுண்டு. தலைக்குச் சராசரி 384 பவுண்டு. விலையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட.

பங்குத் தொகை மட்டும் இருந்திருந்தால் கட்டடம் கிடைத்திருக்காது என்பது தெளிவு. ஆனாலும் 371 என்ற எண்ணுக்குப் பணத்துக்கு மேல் பொருள் உண்டு. அந்த 371 பேரும் வாடிக்கையாளர்கள். தாங்கள் பணம் போட்ட இடத்துக்கு விருந்தினரை அழைத்து வருவார்கள், பிறந்தநாளை அங்கே வைப்பார்கள். கடன் கொடுப்பவர் பார்ப்பதும் இதைத்தான். 50 பெரியவர்களிடம் வாங்கிய தொகையைவிட, 400 பேரிடம் சிறுகச் சிறுக வாங்கிய அதே தொகை பலமானது.

பலரும் விலையை மட்டும் இலக்காக வைத்துத் திரட்டுவார்கள். விலைக்கு மேல் என்னென்ன வரும் என்று ஐவி ஹவுஸ் அளவுள்ள கட்டடத்தை வைத்தே பார்க்கலாம். முத்திரைத் தீர்வை, அன்றைய விகிதப்படி வணிகக் கட்டடத்துக்கு 4 சதவீதம் என்றால் 32,400 பவுண்டு. இன்றைய படிநிலை விகிதப்படி 30,000. விற்பவர் கட்டடத்தை மதிப்புக் கூட்டு வரிக்குள் கொண்டுவந்திருந்தால் 20 சதவீதம், அதாவது ஒரு லட்சத்துக்கு மேல், ஒப்பந்த நாளன்றே கையில் இருக்க வேண்டும். பின்னால் திரும்பக் கிடைக்கும் வரியாக இருந்தாலும் அன்று கையில் இல்லையென்றால் ஒப்பந்தம் முறியும். இதற்கு மேல் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், கட்டட ஆய்வு, கல்நார் ஆய்வு, மின்கம்பிச் சோதனை, புதுப்பிப்பு, முதல் சரக்கு, திறப்பதற்கு முந்தைய சம்பளம். விலையோடு இன்னொரு கால்பங்கைச் சேர்த்துத் திரட்டாத குழு, சாவியை வாங்கிக்கொண்டு திறக்க முடியாமல் நிற்கும்.

கடனைத் தாங்குமா என்று பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. 5 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டை 20 ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 3,940 பவுண்டு. சரக்கு விலையும் வரியும் போக ஒரு பைன்ட் பீரில் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) இரண்டரை பவுண்டு மிஞ்சுகிறது என்று வைத்தால், தவணைக்கு மட்டும் மாதம் 1,576 பைன்ட் விற்க வேண்டும். ஒரு ஃபர்கின் பீப்பாயில் 72 பைன்ட், ஆக 22 பீப்பாய். சம்பளம், மின்சாரம், காப்பீடு எல்லாம் அதற்கு மேல். பீப்பாயில் வரும் ஏல் என்ற பீர் வகை, திறந்து மூன்று நாளைக்குள் தீர வேண்டும். எண்ணிக்கை கூட்டுவதற்காக ஆறு வகை ஏலை ஒரே நேரத்தில் திறந்துவைக்கும் புதுக் குழுக்கள் வாரக் கடைசியில் புளித்ததைச் சாக்கடையில் ஊற்றுகின்றன. தொடக்கத்தில் இரண்டோ மூன்றோ குழாய் போதும். நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும், குழாய்களை வாரம் ஒரு முறை கழுவ வேண்டும்.

சமூகப் பங்கு சந்தையில் விற்கும் பங்கல்ல. ஆளுக்கு ஒரு ஓட்டுதான், பத்தாயிரம் பவுண்டு போட்டவருக்கும் அதேதான். வேறொருவருக்கு விற்க முடியாது, சங்கத்திடமே திரும்பக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதுவும் இயக்குநர்கள் அனுமதித்தால், நிதிநிலை இடம் கொடுத்தால் மட்டுமே. விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். சேமிப்பு என்று நினைத்துப் போட்ட முதியவர் மூன்றாம் மாதம் பணம் கேட்டு வரும்போது ஏற்படும் மனக்கசப்பு, ஒரு சிறு ஊரில் சீக்கிரம் பரவும்.

சாவிக்கும் திறப்புக்கும் நடுவே

மார்ச்சில் வாங்கி ஆகஸ்டில் திறந்தார்கள். ஐந்து மாதம். பல காலம் பூட்டிக் கிடந்த பப்புக்கு இது நீண்ட காலமே அல்ல. மூடிய கட்டடத்தில் தண்ணீரை வடித்துவிடாமல் குளிர்காலம் வந்தால் குழாய் வெடித்து, எந்தப் பலகைக்காகப் பட்டியலில் ஏறியதோ அந்தப் பலகையே உப்பிவிடும். காலியாக இருக்கும்போதே வாரம் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால், பாரம்பரியக் கட்டடம் கெடுகிறது என்று கவுன்சிலிடம் புகார் தர வழி உண்டு.

லைசென்ஸ் விஷயம் சின்னது, ஆனால் நாள் கணக்கு கடுமையானது. வெளியேறும் குத்தகைதாரர் பெயரில் மது விற்பதற்கான வளாக லைசென்ஸ் இருந்து அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், 28 நாளுக்குள் மாற்றக் கோரினால்தான் பழைய லைசென்ஸ் உயிர்பெறும். தவறினால் புது விண்ணப்பம். அதில் அக்கம்பக்கத்தவர் எதிர்ப்பு வந்து, பழைய லைசென்ஸில் இருந்த நள்ளிரவு நேரம் பதினோரு மணியாகச் சுருங்கலாம். கச்சேரிக் கூடம் உள்ள பப்புக்கு அந்த ஒரு மணி நேரம் வருமானத்தில் பெரிய வெட்டு.

வாங்கிய பிறகு

2018-ல் ஐவி ஹவுஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதும், வாரத்துக்கு இத்தனை மணி என்ற உறுதியில்லாத ஒப்பந்தங்களும் காரணம். ஊழியர் பக்கம் நின்றது ரொட்டி மற்றும் உணவுத் தொழிலாளர் சங்கம். நிர்வாகம் இறங்கி வந்தது. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஊரே முதலாளி ஆகும்போது, முதலாளிக்குரிய பொறுப்பும் ஊருக்கே வருகிறது. இயக்குநர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், பகலில் வேறு வேலையில் இருப்பவர்கள். யார் மேலாளரைக் கண்காணிப்பது, யாரிடம் ஊழியர் முறையிடுவது என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் அன்றாடம் எல்லாமே மேலாளர் ஒருவரின் விருப்பமாகிவிடும். சங்கத்தின் விதிகளில் ஊழியர் பிரதிநிதி ஒருவருக்கு இயக்குநர் குழுவில் இடம் வைப்பது நல்லது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வாராந்திர மணியும் குறிப்பிட வேண்டும்.

கட்டடத்தின் நீண்டகாலப் பாதுகாப்புக்கு ஒரு விதி தனியாகத் தேவை. சமூக நலக் கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே கட்டடம் என்றென்றைக்கும் பூட்டப்பட்டுவிடாது. இருபது ஆண்டு கழித்து நிலத்தின் விலை பல மடங்கு ஏறியிருக்கும்போது, உறுப்பினர்கள் ஓட்டெடுத்துச் சங்கத்தைக் கம்பெனியாக மாற்றிக் கட்டடத்தை விற்க முடியும். இதைத் தடுக்க 2006-ம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் சட்டபூர்வச் சொத்துப் பூட்டு இருக்கிறது. பதிவின்போதே அதை விதிப்புத்தகத்தில் சேர்க்கலாம், சேர்த்தபின் உறுப்பினர்களால் நீக்க முடியாது. பதிவு விண்ணப்பத்தோடு கொடுக்கும் மாதிரி விதிப்புத்தகத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.